இருபத்திமூன்றாம் கட்டிலுக்கு இரண்டு வைரஸ்

நவம்பர் 11, செவ்வாய்

விடியும்போதே மழை. ஒரகடம் பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீர், பஸ் நகரவில்லை. கம்பெனி லைனுக்குத் தாமதம். காரணம் மழை என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். திட்டு மட்டும் எங்களுக்கு.

உடம்பெல்லாம் வலி. தொண்டையில் முள். கம்பெனி கேட்டில் நெற்றிக்கு நேராக ஒரு துப்பாக்கியை நீட்டிச் சூடு பார்ப்பார்கள். சிவப்பு காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடிக்கடி திரும்பிப் போகிற ஒப்பந்தப் பெண்ணை அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள். அதனால் பஸ்ஸில் ஏறும்போதே ஒரு பாராசிட்டமால். எல்லோரும் செய்வதுதான். அதற்கு இங்கே 'கேட் மாத்திரை' என்றே பெயர். பக்கத்துக் கட்டில் கோமதியிடம் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். கடலை மிட்டாய் மாதிரி பஸ்ஸுக்குள் கை மாறும். இன்று நானும் ஒன்று வாங்கிப் போட்டேன். துப்பாக்கி பச்சை காட்டியது.

மாலை ஹாஸ்டலில் கேம்ப். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மேஜை, ஐஸ் பெட்டி, நீளக் குச்சிகள். சளி, இருமல் வைரஸ்கள் மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கின்றன, ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்று ஆராய்ச்சியாம். காலையில் ஒரு குழு வந்து இரவு ஷிப்ட்காரர்களுக்கு எடுத்துவிட்டுப் போயிருக்கிறது. எங்களுக்கு மாலைக் குழு. எனக்கு எடுத்த பெண் பெயர் ஹேமா. என் வயதுதான் இருக்கும். கையுறைக்குள் விரல் வேர்த்து வெளுத்திருந்தது.

"பேர் வேணாம்க்கா. உங்க விவரம் வெளிய போகக்கூடாது. நம்பர் மட்டும் சொல்லுங்க."

"இருபத்திமூணு."

யோசிக்கவே இல்லை. இங்கே எல்லாவற்றுக்கும் கட்டில் எண்தான். சாப்பாட்டுத் தட்டில், துணிக்கொடியில், குளியலறை வரிசையில். வார்டனம்மா கூப்பிடுவதும் அப்படித்தான். ஊரிலிருந்து வந்த புதிதில் ஒருத்தி "என் பேரு..." என்று ஆரம்பித்தால் எல்லோரும் சிரிப்போம்.

"காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் ஏதாவது?"

வார்டனம்மா ஹேமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல."

எனக்கு முன்னால் நின்றவளும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் தும்மினாள்.

கோமதி திருவள்ளூர்க்காரி. வாய் சும்மா இருக்காது. "இன்னாடி இது, மூக்கு வழியா வுட்டு மூளைய எடுக்கறாங்க! எங்கிட்ட வுட்டா வெறுங்குச்சிதான் திரும்பி வரும்."

தலையணைக்கு அடியில் பாதி கடலை உருண்டை. பேச்சியக்கா வைத்துவிட்டுப் போனது.

எழுதி வைக்கிறேன், என்றைக்காவது எனக்கே மறந்துவிடும்: இது கம்பெனி ஹாஸ்டல் இல்லை. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியின் ஹாஸ்டல். பென்னலூரைத் தாண்டி, மூன்று மாடி. கட்டிலுக்கு இரண்டு பேர். நான் பகலில் லைனில் நிற்கும்போது பேச்சியக்கா இந்தக் கட்டிலில் தூங்குவாள். அவள் இரவு ஷிப்டுக்குப் போனதும் நான். போர்வை ஆளுக்கு ஒன்று. மெத்தை, தலையணை, ஃபிளாஸ்க் ஒன்றுதான். கட்டில் ஆறுவதே இல்லை.

நவம்பர் 12, புதன்

மழை விட்டுவிட்டு.

லைனில் இருமல். எனக்கு இடப்பக்கம் இருவர், எதிர்வரிசையில் மூவர், மெட்டீரியல் கொண்டுவரும் பையன், சூப்பர்வைசர். சூப்பர்வைசருக்கு மட்டும் அது "கொஞ்சம் அலர்ஜி". முகமூடி போட்டிருக்கிறோம். எங்களுக்காக இல்லை. சர்க்யூட் போர்டில் எங்கள் எச்சில் படக்கூடாது என்பதற்காக. ஏசியும் போர்டுக்காகத்தான். போர்டுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

எங்களை இறக்கிவிடும் பஸ்தான் இரவு ஷிப்டை ஏற்றிக்கொண்டு திரும்பும். அதனால் நானும் பேச்சியக்காவும் தினம் பார்த்துக்கொள்வது பஸ் படியில். அவள் ஏற, நான் இறங்க. மாலையில் அவள் இறங்க, நான் ஏற. ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள் பேசிக்கொள்ள இவ்வளவுதான் நேரம்.

"ஏட்டி கலா, ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி வச்சிருக்கியா?"

"ஓமம் போட்டு வச்சிருக்கேன்க்கா. குரலே இல்லியே உங்களுக்கு?"

"சளிதாம்ட்டி. சின்னப் புள்ளைல இருந்தே எனக்கு இளைப்பு உண்டும்லா. மழை பேஞ்சா வரும், போவும். கூப்புடாத சொந்தக்காரன் மாதிரி."

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. பின்னால் நின்றவள், "ஏறுக்கா, படியில நின்னுதான் இருமுவியா" என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. துணி காயவில்லை.

எனக்குக் கொஞ்சம் தேவலை. கேட் மாத்திரை நிறுத்தியாயிற்று. ஆனால் தலையணை ஈரம். என் வியர்வையில்லை. அக்காவுடையது. பகலெல்லாம் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். திருப்பிப் போட்டேன். அடுத்த பக்கமும் ஈரம்.

ஜன்னலைத் திறந்து வைத்தேன். கொசு என்று எட்டு குரல்கள். மூடினேன். ஒரே அறைக்குள் எல்லோருடைய மூச்சும் சுற்றிச் சுற்றி வருகிறது. யார் விட்டதை யார் இழுக்கிறோம் என்று எந்த ஆராய்ச்சியாலும் சொல்ல முடியாது.

சோப்பு வாங்க வேண்டும். ஹேர்பின். அம்மாவுக்கு போன்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டு ஷிப்டுக்கும் விடுமுறை. ஞாயிறு மட்டும்தான் கட்டிலுக்கு இரண்டு பேர் என்பது கண்ணுக்குத் தெரியும். பாதிப்பேர் தரையில் பாய்.

அக்காவை வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கன்னம் உள்ளே போயிருக்கிறது. மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழி பள்ளமாகிறது. வற்புறுத்தி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். முகத்தில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது.

"ஒரு வாரம் ரெஸ்ட். நைட் ஷிப்ட் கூடாது. உங்க மேனேஜர்கிட்ட சொல்லுங்க," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா, "அந்த டாக்டரு புள்ளைக்கு எந்த ஊரு? மேனேஜர்ட்ட சொல்லணுமாம்லா" என்று சிரித்தாள்.

"லீவு கேட்டுத்தான் பாருங்களேன்க்கா. ஊருக்குப் போயி ஒரு வாரம் இருந்துட்டு வாங்க."

சிரிப்பு நின்றது. புடவைத் தலைப்பை விலக்கி இடது மணிக்கட்டைக் காட்டினாள். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

"ஊருல இது இருக்கு. கட்டுனவன் செஞ்சது. எங்க அண்ணன் வீட்டுக்குப் போனா, மறுநா காலைல அவன் வாசல்ல கொண்டு விட்டுருவாவ. போன தடவையும் அப்படித்தான். நான் எங்க இருக்கேன்னு இப்ப ஒருத்தனுக்கும் தெரியாது. ஏஜென்சிக்காரன் மட்டும் வீட்டு நம்பரு இல்லாம சேக்க மாட்டேன்னான். அண்ணன் நம்பரக் குடுத்தேன். வேற நம்பரு எங்க இருக்கு எனக்கு?"

பிறகு பஸ் ஸ்டாண்டில் பன் பட்டர். அவள் பாதி, நான் பாதி. நல்லா மூச்சு வருதுட்டி என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். சாம்பார் புளிப்பு.

ரிசல்ட் வந்துவிட்டது. பெயர் கிடையாது, எண் மட்டும். வார்டனம்மா சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். ரகசியம் காத்த லட்சணம். பக்கத்தில் ஏஜென்சி சார், செல்போனைப் பார்த்தபடி.

"எட்டு, ஒண்ணு. ஒம்பது, ஒண்ணுமில்ல. பத்து, ஒண்ணு..."

ஏதோ ஒன்று இருப்பவர்களே அதிகம். யாரும் அதிரவில்லை. மழைக்காலத்தில் மூக்கு ஒழுகுவது எங்களுக்குச் செய்தியா?

"பதினேழு, ரெண்டு."

அப்போதுதான் தலைகள் திரும்பின. ஒரே ஆளுக்கு இரண்டு வைரஸ்.

"இருபத்திமூணு, ரெண்டு."

என் தட்டில் ரசம். கை நின்றுவிட்டது.

ஏஜென்சி சார் நிமிர்ந்தார். "ரெண்டு இருக்கறவங்க டேஞ்சர். மத்தவங்களுக்குப் பரவும். அவங்க எல்லாம் ஊருக்குக் கெளம்புங்க. வெள்ளிக்கிழமை வண்டி வரும். சரியானதும் நாங்களே கூப்பிடறோம்."

அப்படிக் கூப்பிடப்பட்டுத் திரும்பி வந்தவள் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

"இருபத்திமூணுன்னா யாரும்மா?"

நான் அங்கேதான் நின்றேன். வார்டனம்மா என் பக்கம் திரும்பவில்லை. "அந்த இருமிக்கினே இருக்குமே சார், தெக்கத்திப் பொண்ணு. இப்ப நைட்ல கீது."

"அத அனுப்பிடுங்க. ஊர்ல நான் பேசிக்கறேன்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என்னை இல்லை, என்னை இல்லை என்று உள்ளே ஒரு குரல். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ரசத்தைக் குடித்து முடித்தேன்.

நவம்பர் 19, புதன்

போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று உறைத்தது. அன்று மாலை ஹேமாவிடம் "இருபத்திமூணு" என்று சொன்னது நான். காலையில் இன்னொரு குழுவிடம் அதே எண்ணைச் சொன்னது பேச்சியக்கா. குச்சி இரண்டு. மூக்கு இரண்டு. எண் ஒன்று.

அப்படியென்றால் அந்த இரண்டு வைரஸ் யாருடையவை?

டீ நேரத்தில் கோமதியைக் கேட்டேன். அவளும் "இருபத்திநாலு" என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவள் கட்டில் ஜோடியும் அதையே. பதினேழாம் கட்டிலில் படுக்கும் இருவரும் 'பதினேழு' என்றே. இத்தனை பேரில் ஒருத்திக்குக்கூடத் தன் பெயரைச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கேம்ப் அன்று சுவரில் ஒட்டிய தாளில் ஒரு நம்பர். மாலை ஹாஸ்டல் கழிப்பறைக்குள் நின்று போன் செய்தேன். ஹேமாவே எடுத்தாள். சொன்னேன்.

"அக்கா... கட்டிலுக்கு ஒருத்தர்தானேக்கா?"

"யார் சொன்னது?"

"ஹாஸ்டல்ல அப்படித்தான் சொன்னாங்க. காலைல ஒரு டியூப், சாயந்திரம் அதே நம்பர்ல இன்னொண்ணு. காலைல சரியா வரலைன்னு மறுபடி எடுத்திருப்பாங்கன்னு ரெண்டையும் ஒரே ஆளா சேர்த்துட்டோம்." குரல் உடைந்தது. "எல்லா கட்டிலும் அப்படியாக்கா?"

"எல்லா கட்டிலும்."

"ஐயோ. நானும் கான்ட்ராக்ட்தான்க்கா. சாருக்குத் தெரிஞ்சா..."

"உனக்கு வேல போகும். இங்க ஒருத்திக்கு உசுரே போகும்."

இப்படிக் கத்தியிருக்க வேண்டாம். அவள் அழுதாள். டியூப் தனித்தனியாகத்தான் இருக்கிறது, எதில் எது என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள்.

அவர்கள் ஆராய்ச்சியின் கதி இதுதான். இரண்டு பேரை ஓர் ஆளாக எண்ணியிருக்கிறார்கள். ஆள் குறைந்தது, நோய் கூடியது, இரட்டை நோய் முளைத்தது. அறிகுறி கேட்ட கட்டத்தில் எல்லோருக்கும் 'இல்லை'. கேட் மாத்திரை போட்டவர்களிடம், வார்டன் முன்னால் வைத்துக் கேட்டால் வேறு என்ன வரும்? எங்களைப் பற்றி ஊரெல்லாம் படிக்கப் போகும் கணக்கில் எங்களைத் தவிர எல்லாம் இருக்கும்.

கோமதியிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"தே, சும்மா இரு. ரெண்டு பேருன்னு நீ வாயத் தொறந்தா இன்னா ஆவும் தெரியுமா? இந்தக் கட்டடத்துக்குக் கட்டிலுக்கு ஒருத்தருன்னுதான் பெர்மிசன். எவனாவது வந்து சீல் வச்சான்னா பாதிப்பேரு ரோட்ல. படப்பைல ரூமு எடுக்க உங்கப்பன் வருவானா?"

"அதுக்காக அக்காவ அனுப்ப வுடறதா?"

"உனக்கும் ஒரு வைரஸ் இருக்குதுடி. நீ பேசினா ரெண்டு பேரும் வண்டியில ஏறுவீங்க. பேசலன்னா ஒருத்தி. அத யோசி."

நவம்பர் 20, வியாழன்

காற்று. மழை இல்லை.

காலை, பஸ் படி. அக்காவுக்கு வாய் திறந்தபடியே மூச்சு. வெள்ளிக்கிழமை வண்டி என்று வார்டனம்மா சொல்லிவிட்டாராம்.

"அக்கா, அந்த ரெண்டுல ஒண்ணு என்னுது. நான் நாளைக்குச் சொல்லப் போறேன்."

கையைப் பிடித்தாள். கை கொதித்தது. "வேண்டாம்ட்டி. எனக்கோசரம் நீ ஏன் கெடணும்? நான் எங்கயாச்சும் திருப்பூரு பக்கம் போயிக்கிடுதேன்." இந்த மூச்சோடு திருப்பூர். பஸ் கிளம்பிவிட்டது.

மாலை ஹேமாவின் போன். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"காலை டியூப், அதாவது அந்த அக்காவோடது, சாதாரண சளி வைரஸ்தான். ஆனா இளைப்பு இருக்கறவங்களுக்கு அதுவே மூச்ச இழுத்து விட்டுடும். சாயந்திர டியூப் உங்களோடது. ஃப்ளூ."

"எனக்குச் சரியாப் போச்சே."

"உங்களுக்குப் போயிருக்கும்க்கா." தயங்கினாள். "ஒரே கட்டில்னீங்களே. ஒரே தலையணையா?"

"ஆமா."

"அப்ப இந்நேரம் அவங்களுக்கு நெசமாவே ரெண்டும் இருக்கலாம். சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. இது நான் சொன்னதா இருக்க வேணாம்."

போன வெள்ளிக்கிழமை ஈரமாயிருந்த தலையணை. அதற்கு முன் அதில் காய்ச்சலோடு படுத்து எழுந்தவள் நான். ஃபிளாஸ்க் மூடியில் முதலில் குடித்து ருசி பார்த்தவள் நான். கேட் மாத்திரை போட்டு லைனுக்கு ஓடிவிட்டேன், மிச்சத்தை அவளுக்கு வைத்துவிட்டு.

ரிப்போர்ட் தப்பு. ஆனால் தப்பான ரிப்போர்ட்டை இந்தக் கட்டில் உண்மையாக்கிவிட்டது.

உடனே அக்காவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. ஷிப்டுக்குள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். செக்யூரிட்டி நம்பருக்கு அடித்தேன். "எந்த லைன்? ஐடி நம்பர் என்ன?" தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் கட்டில் நம்பர்.

நவம்பர் 21, வெள்ளி

பஸ்ஸில் ஏறவில்லை. கோமதி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஏஜென்சி சார் வேனோடு வந்தார். வார்டனம்மா எண்களைக் கூப்பிட ஆரம்பித்ததும் முன்னால் போய் நின்றேன்.

"இருபத்திமூணு நான்."

"நீ இல்லம்மா. அந்த நைட் ஷிப்டு..."

"நானும்தான். நாங்க ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு வைரஸ். பதினேழும் அப்படித்தான். ரெட்டை ரெட்டைன்னு நீங்க கூப்புடற எல்லாம் அப்படித்தான். கட்டிலுக்கு ரெண்டு பேரப் போட்டது நீங்க, ஊருக்குப் போவறது நாங்களா?"

வாசலில் பையோடு நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏஜென்சி சார் மெதுவாகச் சொன்னார். "சத்தம் போடாத. நீயும் ஏறு, வேன்ல எடம் இருக்கு."

"ஏறறேன். போற வழியில யாருகிட்ட நிறுத்தி இன்னா சொல்லணுமோ சொல்லிட்டுப் போறேன்."

அந்த நேரம் பஸ் வந்தது. இரண்டு பெண்கள் பேச்சியக்காவை இரு பக்கமும் தாங்கி இறக்கினார்கள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. பேச வரவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

ஆம்புலன்ஸ் என்று கத்தியது நான். போன் செய்தது வார்டனம்மா. ஆம், அவர்தான். ஏஜென்சி சார் "வேன்லயே ஊருக்கு..." என்று ஆரம்பித்தபோது, "வழியில எதனா ஆனா நீ பாப்பியா?" என்று ஒருமையில் கேட்டார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஏஜென்சி சார் சொன்னார்: "இவங்க அண்ணன்கிட்ட அன்னிக்கே பேசிட்டேன். ஹாஸ்டல் அட்ரஸும் கட்டில் நம்பரும் அனுப்பிட்டேன். அவங்களே வந்து பார்த்துக்கட்டும்."

ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே அக்காவின் கண்கள் என் பக்கம் திரும்பின. இவ்வளவு பயத்தை நான் ஒரு கண்ணில் பார்த்ததில்லை. மூச்சு போகிற பயம் இல்லை அது.

நவம்பர் 22, சனி

அரசு ஆஸ்பத்திரி. நல்ல வெயில். முகமூடி போட்டுக்கொண்டு போனேன். ஆக்சிஜன், ஊசி, புகை. உதட்டில் நிறம் வந்திருக்கிறது. இன்னும் சில நாள் இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். சளியும் ஃப்ளூவும் இரண்டும் இருக்கிறதாம்.

அக்கா முகமூடியை விலக்கிவிட்டு மெத்தையைத் தடவினாள்.

"ஏட்டி, நான் எப்ப எந்திரிக்கணும்?"

"எதுக்குக்கா?"

"அடுத்த ஆளு வரும்லா."

"இது உங்களுக்கு மட்டும்தான்க்கா."

நம்பவில்லை. ஓரமாகவே படுத்திருந்தாள்.

ஹேமா மெசேஜ். அவளுடைய ஆராய்ச்சி சார் ரொம்பத் திட்டினாராம். வேலை போகவில்லை. எங்கள் ஹாஸ்டலின் இரட்டை எண்களை மொத்தமாகக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம். எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றாராம். மறுபடி வந்து, பெயர் கேட்டு, ஆளுக்கு ஒரு குச்சி என்று எடுக்கலாமே என்று கேட்டிருக்கிறாள். நேரமில்லையாம். தப்பைத் திருத்தவில்லை, எங்களை அழித்துவிட்டார்கள். அவள் மேல் கோபம் வரவில்லை. கேட்டாவது பார்த்தாளே.

என்னை வேனில் ஏற்றவில்லை. பேசிவிடுவேன் என்று பயம். ஒரு வாரம் வேலைக்கு வராதே, ஹாஸ்டலில் இரு என்று மட்டும் உத்தரவு. பதினேழாம் கட்டில்காரிகளும் அப்படியே. கோமதி என்னோடு பேசவில்லை. ஆனால் என் தட்டை அவள்தான் கழுவி வைத்திருந்தாள்.

மாலை கூடத்தில் வார்டனம்மாவின் அறிவிப்பு: "மேலேர்ந்து சொல்லிட்டாங்க. வெளியாள் யார் வந்து கேட்டாலும் கட்டிலுக்கு ஒருத்தர்தான். இன்னா கேட்டாலும் அதான் பதில். புரிஞ்சிதா?"

நான் தலையாட்டவில்லை. செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 24, திங்கள்

மேகம். மழை வரும்.

கேட்டில் ஓர் ஆள். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஆப்பிள் பை. இரவு பஸ்ஸில் வந்த கசங்கல். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, எம் பொஞ்சாதி இங்க இருக்கா. பேச்சியம்மா. மேலுக்குச் சொகமில்லன்னு அவ அண்ணன்ட்ட சொன்னாவளாம்."

வாட்ச்மேன் இந்த ஊர்க்காரர். நாற்காலியை விட்டு எழவில்லை. "நம்பர் இன்னா?"

"நம்பரா? பேரு பேச்சியம்மா."

"பேர வச்சிக்கினு நான் இன்னா நைனா பண்றது? இங்க அல்லாம் நம்பர்தான்."

அந்த ஆள் பொறுமையாகப் போனை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். "இருபத்திமூணு."

கையில் இருந்த துணி கனத்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் போதும். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கிவிடுவான். மணிக்கட்டை நினைத்தேன்.

வார்டனம்மா வெளியே வந்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்திமூணா? தோ நிக்குதே, அதான் இருபத்திமூணு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். சிரித்தபடியே கிட்டே வந்தான்.

"உன் கட்டில்ல இன்னொரு பொம்பள இருந்தாளாம்மா? கோணக் கையி."

வெள்ளிக்கிழமை இதே வாசலில் இரண்டு பேர், இரண்டு பேர் என்று கத்திய வாய் இது.

"கட்டிலுக்கு ஒருத்தர்தான்," என்றேன்.

"ஆமாண்ணே, ஒருத்தர்தான்." கோமதியின் குரல். உடம்பு சரியில்லை என்று இன்று லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தவள், படியில் நின்றுகொண்டிருந்தாள். தூக்கம் கலைந்து வந்த இரவு ஷிப்ட் பெண்கள் அவள் பின்னால். "ஒருத்தர்தான்." "ரெண்டு பேரு எப்படிப் படுக்கறது?" "பேச்சியா? கேள்விப்பட்டதே இல்ல." ஒருத்தி இருமிக்கொண்டே சொன்னாள்.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு ஆப்பிள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனான். எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். இதை எழுதும்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், இந்தப் பக்கம் பார்த்தபடி.

ஃபிளாஸ்க்கை வெந்நீரில் கழுவினேன். மூடியை இரண்டு தடவை. ஓமத் தண்ணீர் ஊற்றியாயிற்று. வார்டனம்மா வந்து சமையலறைப் பின்கதவுச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. கோமதி என் துப்பட்டாவை வாங்கிக்கொண்டு அவளுடையதைக் கொடுத்தாள். அவன் என் துப்பட்டாவின் நிறத்தைப் பார்த்துவிட்டானாம்.

பின்னால் வாய்க்கால் ஓரமாகப் போனால் மெயின் ரோடு. ஆஸ்பத்திரியில் முதலில் நர்ஸிடம், யார் கேட்டாலும் அக்கா இருப்பதைச் சொல்லாதீர்கள் என்று பேச வேண்டும். அக்காவின் கட்டிலுக்கு அங்கே என்ன எண் என்று நான் பார்க்கவே இல்லை. பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.